புதுச்சேரி, கடலூர் பக்கம் ஓட்ட ஹைபிரிட் சைக்கிள்: தார்ச்சாலைக்கும் செம்மண் பாதைக்கும் சேர்த்துத் தேர்வு செய்வது எப்படி?

கடைக்குப் போய் ஹைபிரிட் சைக்கிள் வேண்டும் என்று கேளுங்கள். எத்தனை கியர், முன்னால் ஷாக் உண்டா இல்லையா, இந்த இரண்டை வைத்துத்தான் பேச்சு ஓடும். நம் பக்கத்தில் ஓட்டுகிறவருக்கு இந்த இரண்டுமே பின்வரிசை. புதுச்சேரியிலும் கடலூரிலும் சைக்கிளைப் படுத்துவது மூன்று: முள், உப்பு, எதிர்காற்று. ஏற்றம் என்று சொல்ல கேப்பர் மலையும், கடல் மட்டத்திலிருந்து சுமார் 50 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆரோவில் மேடும், சில ஆற்றுப் பாலங்களும்தான். அதனால் இந்த வழிகாட்டியில் டயருக்கும் துருவுக்கும்தான் முக்கிய இடம். கியருக்கு நடுவில் ஓர் இடம் கொடுத்திருக்கிறேன்.

ஹைபிரிட் என்றால் என்ன என்பதை இரண்டு வரியில் முடித்துவிடலாம். ரேஸ் சைக்கிளின் பெரிய சக்கரம், மலை சைக்கிளின் நேரான ஹேண்டில்பார், இரண்டுக்கும் நடுவான டயர், ஓரளவு நிமிர்ந்து உட்காரும் அமைப்பு. நகரத்துக்குள் வேகமாகப் போகும், மண் பாதையிலும் சமாளிக்கும். கடற்கரை மணலில் மட்டும் போகாது. தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மணலில் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், அங்கே தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

ஆசையை எழுத வேண்டாம். வாரத்தில் உண்மையில் போகப்போகும் இடங்களை எழுதுங்கள். லாஸ்பேட்டையிலிருந்து நேரு வீதிக்கு வேலைக்குப் போவது, மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் போய் வருவது எல்லாம் நகர ஓட்டம். ஈசிஆரில் காலை நேர நீண்ட ஓட்டம், புதுச்சேரியிலிருந்து கடலூர் வரை இருபது சொச்சம் கிலோமீட்டர், இவை நெடுஞ்சாலை ஓட்டம். ஆரோவில் சுற்றுவட்டாரச் செம்மண் பாதைகள், ஊசுட்டேரிக் கரை, பாகூர் ஏரிக்கரை, கேப்பர் மலை முந்திரித் தோப்பு வழிகள், இவைதான் நாம் லேசான டிரெயில் என்று சொல்லக்கூடியவை.

பத்தில் எட்டு ஓட்டம் தார்ச்சாலை என்றால் 35 முதல் 38 மி.மீ. டயர் போதும். பாதிக்குப் பாதி மண் என்றால் 40 முதல் 45 வரை தேடுங்கள். முக்கால்வாசி மண் என்றால் ஹைபிரிட்டை விட்டுவிட்டு மலை சைக்கிளே வாங்கிவிடுவது நல்லது. ஹைபிரிட்டை மலை சைக்கிளாக மாற்றுகிறேன் என்று பின்னால் செலவு செய்பவர்கள் நிறையப் பேர். அந்தப் பணம் வீண்.

படி 2: டயரைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டில் 37-622 என்றோ 40-622 என்றோ சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது டயர் ரிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 700சி என்று விளம்பரத்தில் சொல்வது இந்த 622-ஐத்தான். 29 இஞ்ச் மலை சைக்கிளுக்கும் இதே 622தான், 27.5-க்கு 584, 26-க்கு 559.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், நம் ஊர் சைக்கிள் கடைகளில் காலங்காலமாகத் தொங்கும் 28 இஞ்ச் டயர், தாத்தா ஓட்டிய பெரிய சைக்கிளுக்கானது. அதன் விட்டம் 635. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மாட்டினால் சுலபமாக ஏறவும் ஏறும், ஏனென்றால் 13 மி.மீ. பெரிது. காற்றடித்துப் போகும்போது ரிம்மை விட்டு வழுவி டியூப் வெடிக்கும். அவசரத்துக்கு டியூப் மாற்றிப் போடலாம், டயர் மட்டும் கூடாது. எனவே வாங்கும் சைக்கிளின் டயர் உங்கள் ஊரில் கிடைக்குமா, வரவழைக்க வேண்டுமா என்று அன்றே கேட்டுவிடுங்கள்.

அடுத்து வால்வு. மூன்று வகை உண்டு. சாதா சைக்கிளில் வால்டியூப் போட்டு வருவது ஒன்று. மோட்டார் பைக்கில் இருப்பது போன்ற தடித்த வால்வு இன்னொன்று. மூன்றாவது, தலையைத் திருகித் திறக்கும் ஒல்லி வால்வு, பிரெஸ்டா என்பார்கள். ஹைபிரிட்டில் கடைசி இரண்டில் ஒன்று வரும். இங்கே ஓட்டுகிறவருக்கு என் ஓட்டு பைக் வால்வுக்குத்தான். எந்தப் பெட்ரோல் பங்கிலும், எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். பிரெஸ்டா வந்தால் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை வாங்கிச் சாவிக்கொத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பிரெஸ்டாவுக்கென்று துளையிட்ட ரிம்மில் பைக் வால்வு நுழையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

இனி முள். ஏரிக்கரைகளிலும் சாலையோரத்திலும் சீமைக் கருவேலம் வளராத இடம் இல்லை. அதை வெட்டிப் போட்ட இடத்தில் காய்ந்த முள் பாதையெல்லாம் கிடக்கும். மண் பாதை ஓரத்தில் நெருஞ்சி. கருவேல முள் டயரைத் துளைத்ததும் நுனி உள்ளே முறிந்து நின்றுவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. டியூபை மட்டும் ஒட்டி மாட்டினால் அடுத்த தெருவில் மறுபடி இறங்கும். டயரின் உள்பக்கத்தில் பஞ்சை வைத்து மெதுவாக ஒரு சுற்று இழுங்கள். எங்கே நூலிழை மாட்டுகிறதோ அங்கே அந்தக் கறுப்புப் புள்ளி இருக்கும், மிளகில் பாதிகூட இருக்காது. நகத்தால் வராது. ஊசியால் வெளிப்பக்கமிருந்து தள்ளி, உள்ளே குறடால் பிடித்து இழுக்க வேண்டும்.

அதனால் டயர் தேர்வில் பூ (தரையைத் தொடும் பக்கத்தின் வடிவம்) எப்படி இருக்கிறது என்பதைவிட, உள்ளே பஞ்சர் தடுப்புப் பட்டை இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இல்லாவிட்டால் டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைக்கும் லைனர் போடலாம். டியூபுக்குள் ஊற்றும் சீலண்ட் திரவமும் நெருஞ்சிக்கு நன்றாகவே வேலை செய்யும், ஆனால் வெயிலில் சில மாதங்களில் உலர்ந்துவிடும், பிறகு நிரப்ப வேண்டும். பூ விஷயத்தில், நடுவில் வழவழப்பாகவும் ஓரங்களில் கட்டையாகவும் இருப்பது நமக்குத் தோது. முழுக்கக் கட்டை கட்டையாக இருக்கும் டயர் தார்ச்சாலையில் ரீங்காரமிட்டுக்கொண்டு உங்கள் பலத்தைத் தின்னும்.

காற்றின் அளவு: எழுபது கிலோ எடையுள்ளவர் 38 மி.மீ. டயரில் சாலைக்கு 55 பி.எஸ்.ஐ. அளவிலும், செம்மண் பாதைக்கு 40 அளவிலும் தொடங்கிப் பார்க்கலாம். டயரில் எழுதியிருக்கும் உச்ச வரம்பைத் தாண்ட வேண்டாம். வீட்டில் அளவுமானி உள்ள நிற்கும் பம்ப் ஒன்று அவசியம். விரலால் அமுக்கிப் பார்த்து அளவு சொல்லும் வித்தையை நம்பாதீர்கள்.

படி 3: உங்கள் அளவு

செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவில் சீட் போல மேலே அழுத்திப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் அதுதான் உள்கால் அளவு. சைக்கிளின் மேல் குழாய் மீது இருகால் ஊன்றி நிற்கும்போது குழாய்க்கும் உடலுக்கும் நடுவே குறைந்தது 3 செ.மீ. இடைவெளி வேண்டும். மண் பாதைக்கும் போவதாக இருந்தால் 5 செ.மீ. எஸ், எம், எல் என்ற ஒட்டு அட்டையை நம்ப முடியாது. ஒரு நிறுவனத்தின் எம் இன்னொன்றின் எல்.

சீட் உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. உள்கால் அளவை 0.883 ஆல் பெருக்குங்கள். 78 செ.மீ. என்றால் ஏறக்குறைய 69. பெடல் மாட்டிய தண்டுகள் (கிராங்க்) சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை அந்த உயரம். இப்படி வைத்தால் சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு காலையும் தரையில் பதிக்க முடியாது, அது சரிதான். நம் ஊரில் பாதிப் பேர் கால் எட்ட வேண்டும் என்று சீட்டை இறக்கி வைத்துக்கொண்டு முட்டி வலி என்கிறார்கள்.

கை நீளம் இன்னும் முக்கியம். ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். விறைத்து நின்றால் சைக்கிள் உங்களுக்கு நீளம். சீட்டை முன்னே தள்ளி இதைச் சரிசெய்யப் பார்ப்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சைஸ் கீழே கேளுங்கள்.

சேலையிலோ சுடிதாரிலோ ஓட்டுவதாக இருந்தால் மேல் குழாய் தாழ்ந்த மாடலும், செயினை மூடும் கார்டும் உள்ளதாகப் பாருங்கள். துப்பட்டா பின் சக்கரத்தில் சிக்காதபடி ஸ்கர்ட் கார்டு மாட்ட இடம் இருக்கிறதா என்பதையும்.

படி 4: ஷாக் வேண்டாம்

வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறேன். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டைதான் ஃபோர்க். விலை குறைந்த ஹைபிரிட்களில் வரும் ஷாக் ஃபோர்க் உள்ளே வெறும் சுருள் கம்பி. ஷாக் இல்லாத ஃபோர்க்கைவிட ஒரு கிலோவுக்கு மேல் எடை கூடும், ஏற்றத்தில் பெடல் மிதிக்கும்போது தலையாட்டும். இதற்கெல்லாம் மேலே உப்பு. வழுக்கி ஏறி இறங்கும் அந்த இரும்புக் குழாய்களில் முலாம் எங்கே கீறினாலும் துரு பிடித்து, சில மழைக்காலத்தில் ஃபோர்க் இறுகிவிடும். அப்புறம் எடை மட்டும் மிச்சம்.

40 மி.மீ. டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தாலே ஆரோவில் செம்மண் பாதையின் குலுக்கல் பெருமளவு அடங்கும். மணிக்கட்டு வலி உள்ளவர்கள், உண்மையிலேயே மேடுபள்ளப் பாதைக்குத் தினமும் போகிறவர்கள் ஷாக் எடுக்கலாம். எடுத்தால் பூட்டி வைக்கும் வசதி உள்ளதாக, பெயர் உள்ள நிறுவனத்தின் ஃபோர்க்காக எடுங்கள்.

ஃபோர்க்கைப் பார்க்கும்போதே ஒரு வேலை: டயருக்கும் ஃபோர்க் கவட்டைக்கும் நடுவே விரல் நுழைகிறதா பாருங்கள். மழை பெய்தபின் செம்மண் களிமண்போல டயரில் ஒட்டிக்கொண்டே வந்து அந்த இடுக்கில் அடைக்கும். இடைவெளி இல்லாத சைக்கிள் அங்கேயே நின்றுவிடும்.

படி 5: பிரேக்

ரப்பர் ஷூ ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக் மலிவு, எந்த மெக்கானிக்கும் பார்ப்பார். ஈரச் செம்மண்ணில் மட்டும் ஷூவும் ரிம்மும் சேர்ந்து தேயும். கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிரேக் நம் உபயோகத்துக்கு நடுவாந்திரம், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையில் ஓட்டுகிறவர்களுக்கு இதுவே போதும். ஹைட்ராலிக் டிஸ்க் சுகம்தான். ஆனால் எண்ணெய் மாற்றிக் காற்றெடுக்கும் வேலையை வாங்கும் கடையிலேயே செய்வார்களா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

செயினுக்கு ஸ்பிரே எண்ணெய் அடிக்கும்போது டிஸ்க் தட்டில் ஒரு துளி தெறித்தாலும் பிரேக் பிடிக்காது, பேடை மாற்ற வேண்டியிருக்கும். டிஸ்க் சைக்கிள் வைத்திருப்பவர்கள் சொட்டு சொட்டாக ஊற்றும் எண்ணெயே பயன்படுத்துங்கள்.

படி 6: கியரும் காற்றும்

21 கியர் என்பது முன்னால் மூன்று, பின்னால் ஏழு. அதில் பல ஒன்றையொன்று திரும்பச் சொல்பவை. சமதரையில் முன்னால் ஒரே பல்சக்கரமும் பின்னால் எட்டோ ஒன்பதோ இருந்தால் தாராளம். முன்பக்கக் கியர் மாற்றியும் அதன் கேபிளும் இல்லாததால் பழுதாக ஓர் உறுப்பு குறைவு, செம்மண் அடைக்கும் இடமும் ஒன்று குறைவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்னால் 42 பல், பின்னால் 17 பல், 38 மி.மீ. டயர். ஒரு மிதிக்குச் சக்கரம் சுமார் 5.4 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 70 மிதி என்றால் மணிக்கு 22 கி.மீ. சொச்சம். கடலூர் சாலையில் காலையில் போக இதுவே நிறைவான வேகம். அதே 42-க்குப் பின்னால் 34 பல் இருந்தால் ஒரு மிதிக்கு 2.7 மீட்டர், கேப்பர் மலை ஏற அதுவே போதும்.

உண்மையான ஏற்றம் நமக்குக் காற்றில் இருக்கிறது. கோடையில் நண்பகலுக்குப் பிறகு தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழும்பும். அந்த நேரத்தில் புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் போகிறவர் மூச்சு முட்டுவார். கார்த்திகை, மார்கழி வாடைக்காற்றில் கடலூரிலிருந்து வடக்கே வருகிறவர். அதனால் பின் கியர்களில் பல் எண்ணிக்கை தாவித் தாவிப் போகாமல், நடுவில் நெருக்கமாக இருப்பதைத் தேடுங்கள். 15, 17, 19, 21 என்று அடுத்தடுத்து இருந்தால் காற்றுக்கு ஏற்ப மிதியை மாற்றிக்கொள்ளலாம். ஹேண்டில்பார் தோள் அகலத்தைவிட ரொம்ப நீண்டிருந்தால் கடைக்காரரிடம் இருபுறமும் அறுத்துத் தரச் சொல்லலாம், காற்றில் மார்பை விரித்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

பின்னால் இருக்கும் பல்சக்கரத் தொகுப்பு ஃப்ரீவீலா, சக்கர மையத்தில் (ஹப்) செருகி மாட்டும் கேசட்டா என்றும் கேளுங்கள். விலை குறைந்தவற்றில் திருகி மாட்டும் ஃப்ரீவீல் வரும். எடை அதிகமுள்ளவர்களுக்கு இதில் பின் அச்சுக்கம்பி வளைய வாய்ப்பு கூடுதல். எண்பது கிலோவுக்கு மேல் என்றால் கேசட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

படி 7: துருவைத் தேடுங்கள்

கைபேசி டார்ச்சை அடித்துக்கொண்டு குனிந்து பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். ஸ்போக்ஸ் ரிம்முக்குள் நுழையும் நிப்பிள் அருகே, போல்ட் தலைகளில், செயின் கண்ணிகளின் பக்கவாட்டில் பழுப்போ வெள்ளைத் தூளோ தெரிந்தால் அந்த வண்டி கடைவாசலில் நெடுநாள் நின்றது. கடற்காற்று அடிக்கும் தெருவில் காட்சிக்கு வைத்ததைத் தள்ளுபடியில் தருகிறேன் என்றால், உள்ளே பெட்டியில் இருப்பதைக் கேளுங்கள். ஸ்போக்ஸ் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அலுமினிய ஃபிரேம் துருப்பிடிக்காது, ஆனால் அதில் மாட்டிய இரும்புத் திருகு பிடிக்கும். சீட் கம்பி இன்னொரு தொல்லை. உப்பீரத்தில் இரண்டு உலோகமும் ஒன்றையொன்று அரித்து, சீட் கம்பி ஃபிரேமுக்குள் ஒட்டிக்கொள்ளும். சீட்டைக் கழற்றக்கூட முடியாத சைக்கிள்களை இங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். வாங்கும் அன்றே சீட் கம்பியை வெளியே எடுத்து, கிரீஸ் தடவி மாட்டச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே செய்யலாம். பழைய சைக்கிள் வாங்கும்போதும் முதல் சோதனை இதுதான். சீட் கம்பி அசையாவிட்டால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

கடற்கரைப் பக்கம் ஓட்டிவிட்டு வந்தால் ஒரு வாளி நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். பைக் வாட்டர் சர்வீஸில் விட்டு அழுத்தமாக அடிக்கச் சொல்லாதீர்கள். தண்ணீர் ஹப்புக்குள் புகுந்து கிரீஸைக் கரைத்து பால்ரஸைக் கெடுக்கும். தேங்காய் எண்ணெய் செயினுக்கு ஆகாது, பிசுபிசுத்து மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

படி 8: பணமும் பிராண்டும்

கியர் இல்லாத ஹைபிரிட் சுமார் பத்தாயிரத்தில் தொடங்கும். கியரும் டிஸ்கும் உள்ள இந்திய நிறுவன வண்டிகள் பதினைந்திலிருந்து முப்பதாயிரம் வரை போகும். வெளிநாட்டுப் பெயர்கள் அதற்கு மேல். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. இணையத்தில் பார்க்கும் பழைய விலைப்பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹெல்மெட், முன்பின் விளக்கு, பூட்டு, பம்ப், பஞ்சர் கிட் எல்லாவற்றுக்கும் விலையில் இன்னொரு பத்து, பதினைந்து விழுக்காடு ஒதுக்கி வையுங்கள்.

மாண்ட்ரா, ஃபயர்ஃபாக்ஸ், டெகாத்லானின் ரிவர்சைடு, ட்ரெக் எஃப்எக்ஸ், ஜயண்ட் எஸ்கேப் என்று பட்டியல் நீளும். அவற்றில் எது உயர்ந்தது என்ற சண்டைக்குள் போகவில்லை. பழுது வந்தால் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய பிராண்டு, எவ்வளவு நல்லதானாலும் தினசரி ஓட்டத்துக்கு உதவாது என்பது மட்டும் என் கட்சி. பின் கியர் மாற்றி தொங்கும் சின்ன அலுமினியத் துண்டுக்கு ஹேங்கர் என்று பெயர். சைக்கிள் வலப்பக்கம் விழுந்தால் முதலில் வளைவது அதுதான், மாடலுக்கு மாடல் வடிவம் வேறு. வாங்கும்போதே ஒன்று கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மட்கார்டும் கேரியரும் மாட்டத் திருகுத் துளைகள் ஃபிரேமில் இருக்கின்றனவா என்று பாருங்கள், இல்லாமல் வரும் மாடல்கள் உண்டு. பல கேரியர்களில் 25 கிலோ என்று பொறித்திருக்கும். டபுள்ஸ் அடிப்பதற்கு இது வண்டி இல்லை.

படி 9: ஓட்டிப் பார்த்து எடுங்கள்

கடை வாசலில் ஒரு வட்டம் அடித்துவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள். கால் மணி நேரமாவது ஓட்டுங்கள். ஒரு ஸ்பீடு பிரேக்கர், கொஞ்சம் உடைந்த சாலை, ஒரு திருப்பம் இருந்தால் போதும். எந்த லீவர் முன் பிரேக் என்று ஏறுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் பொதுவாக வலதுகை முன் பிரேக், சில இறக்குமதி வண்டிகளில் மாறியிருக்கும். இறங்கியபின் முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்தில் கடகடவென்றால் ஹெட்செட், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங், தளர்வு. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பிரேக் பேடுக்கும் ரிம்முக்கும் நடுவே பார்த்தால் கோட்டம் தெரியும், அங்கேயே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

இணையத்தில் வரவழைத்தால் பெட்டியில் பாதி பூட்டியபடி வரும். இடது பெடலின் மரை தலைகீழ், அதாவது இடப்பக்கமாகத் திருகினால்தான் ஏறும். வழக்கம்போல வலப்பக்கம் திருகி கிராங்கின் மரையைத் தின்றுவிட்டால் பெடலைவிடக் கிராங்க்தான் செலவு. தெரியாவிட்டால் கடையில் கூலி கொடுத்துப் பூட்டிக்கொள்வது லாபம்.

நெடுஞ்சாலைக்குப் போகிறவர்கள் விளக்கையும் கண்ணாடியையும் அன்றே மாட்டிவிடுங்கள். புதுச்சேரி–கடலூர் சாலையில் பேருந்துகளுக்குள் நடக்கும் பந்தயத்தில் ஓரத்தில் இருப்பவரை யாரும் பார்ப்பதில்லை. பழக்கமாகும் வரை புதுச்சேரி நகரக் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பாருங்கள். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை அங்கே மோட்டார் வண்டிகளுக்குத் தடை, அதிகாலையில் கூட்டமும் குறைவு.

படி 10: முதல் மாதம்

புது கேபிள் இழுபட்டுத் தளரும், ஸ்போக்ஸ் உட்கார்ந்து சற்று இளகும். மூன்று நான்கு வாரத்தில் கியர் தாவினால் சைக்கிள் மட்டம் என்று நினைக்க வேண்டாம், இலவச சர்வீஸுக்குக் கொண்டு போங்கள். போனதும் இடது கிராங்க் போல்ட்டை இறுக்கச் சொல்லுங்கள். அது தளர்ந்தபடியே ஓட்டினால் துளை உருண்டு போகும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.